கடை மூடியவர் கணக்குத் திறக்கலாமா?

களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் இடையில் வசிக்கும் 47 வயது வாசகர் ஒருவர் கையால் எழுதிய எட்டுப் பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன்.

2009இல் உரம், கிருமிநாசினி, விதைநெல் விற்கும் கடை ஒன்றைத் தன் பெயரில் பதிந்து தொடங்கினார். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை விவசாயிகள்தான் பெரும்பாலான வாடிக்கையாளர்கள். விதைப்புக்குக் கடனாக எடுப்பார்கள், வெட்டி நெல் விற்றதும் கொண்டுவந்து கட்டுவார்கள், எல்லாம் கொப்பியில் இருக்கும். இப்படிப் பன்னிரண்டு வருடம் ஓடியது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அந்தப் பெரும்போகத்தில் விற்கச் சரக்கும் இல்லை, விவசாயிக்கு விளைச்சலும் இல்லை. நவம்பரில் தடை நீங்கியபோது விதைப்பு முடிந்திருந்தது. கொப்பியில் 22 இலட்சம் நின்றது. வங்கியில் தவணைக் கடனும், கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்த மேலதிகப் பற்றுமாக 28 இலட்சம் இவர் கட்டவேண்டியிருந்தது. கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுத்த இரண்டு காசோலைகள் திரும்பி, நீதவான் நீதிமன்றம் வரை போய், பகுதி பகுதியாகக் கட்டி 2023இல் அந்த வழக்கு முடிந்தது. லீசிங்கில் எடுத்த சிறிய லொறியை நிதி நிறுவனம் கொண்டுபோனது. வங்கி நடைமுறைக் கணக்கை மூடியது. 2022 ஆகஸ்டில் இவர் கடையை மூடினார். பிறகு இரண்டு வருடம் கொழும்பில் ஒரு களஞ்சியசாலையில் வேலை செய்தார்.

இப்போது வீட்டில் மிளகாய்த்தூள், மல்லித்தூள், இடியப்ப மா பொதி செய்து விற்கிறார்கள். கொழும்பில் சில கடைகள் நடத்தும் ஒருவர் மாதாமாதம் வாங்கச் சம்மதித்திருக்கிறார். ஆனால் காசாகக் கொடுக்கமாட்டாராம். வியாபாரப் பெயரில் கணக்கு இருந்தால்தான் பணம் அனுப்புவாராம். இவர் கேட்பது இதுதான்: “ஐயா, நான் வங்குரோத்தான மனிதன். கனடாவில் இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணன் ஏழு வருடத்துக்கு எந்த வங்கியும் கணக்குத் தராது என்கிறார். கிரிப்பிலும் பெயர் விழுந்துவிட்டது. பழைய வங்கி மனேஜர் தெரிந்தவர், அவரிடமே போகவா? மனைவியின் பெயரில் திறக்கவா? இல்லாவிட்டால் ஒரு கம்பனி பதிந்துவிடவா?”

தம்பி, நீங்கள் என்னைவிட இருபது வயது இளையவர், ஆகவே அப்படியே அழைக்கிறேன். உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம்: கணக்குத் திறக்கலாம், சட்டத்தில் தடையில்லை. ஆனால் ஆறாம் பக்கத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வசனம் என்னை நிறுத்திவிட்டது. “வங்கியில் இருந்தும் வக்கீலிடம் இருந்தும் வந்த ஐந்து கடிதத்தில் இரண்டைத்தான் திறந்து பார்த்தேன், மற்றது அலுமாரிக்குள் கிடக்கிறது.” அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டவை.

நீங்கள் வங்குரோத்தானவரா?

சட்டத்தின்படி இல்லை. கடை நட்டப்பட்டு மூடப்படுவதையும் கடன் கட்ட முடியாமல் போவதையும் நம் பேச்சில் வங்குரோத்து என்கிறோம். சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அளந்து வைத்த பொருள் உண்டு. இலங்கையில் தனிமனிதரின் வங்குரோத்தை இன்றும் 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் ஆள்கிறது. கடன் கொடுத்த கடன்காரரோ கடன்பட்டவரோ மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து, நீதிமன்றம் விசாரித்து, “இவர் வங்குரோத்தானவர்” என்று தீர்மானித்தால்தான் ஒருவர் அந்த நிலைக்கு வருகிறார். அப்போது அவரது சொத்து நீதிமன்றம் நியமிக்கும் ஒருவரின் கைக்குப் போகும். இது மிக அரிதாகப் பாவிக்கப்படும் சட்டம். பல இளம் சட்டத்தரணிகள் இதைப் பரீட்சைக்குப் படித்ததோடு சரி.

உங்கள் விடயத்தில் அப்படி ஒரு மனுவும் இல்லை, தீர்மானமும் இல்லை. உங்களிடம் இருப்பது கட்டப்படாத கடன். இந்த வேறுபாடு வெறும் வார்த்தைப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். வங்கிப் படிவத்தில் “நீங்கள் வங்குரோத்தானவராகத் தீர்மானிக்கப்பட்டவரா?” என்று கேட்டால் “இல்லை” என்பதே உண்மையான பதில். வெட்கத்தில் “ஆம்” என்று எழுதி, இல்லாத தடையை நீங்களே உங்களுக்குப் போட்டுக்கொள்ளக்கூடாது. அதே படிவம் “செலுத்தப்படாத கடன் உண்டா?” என்று கேட்டால் “ஆம்” என்று எழுதவேண்டும். அங்கே மறைப்பதற்கு எதுவுமில்லை, மறைத்தாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

கனடா அண்ணனின் ஏழு வருடக் கதை வேறொரு நாட்டுக் கதை. அங்கே ஒருவர் வங்குரோத்தாகி விடுவிக்கப்பட்ட பிறகும் அந்தப் பதிவு ஆறு ஏழு வருடம் அவரது கடன் அறிக்கையில் நிற்கும். அது கடன் வாங்கும்போது இடிக்கும். கணக்குத் திறப்பதற்கு அங்கேயும் அது தடையில்லை. வங்குரோத்தானவருக்கும் சாதாரணக் கணக்குத் திறக்கும் உரிமையைக் கனடாச் சட்டமே கொடுத்திருக்கிறது. வெளிநாட்டு உறவுகள் அக்கறையோடுதான் ஆலோசனை சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் ஊர்ச் சட்டம் அவர்கள் ஊருக்கு.

இன்னொன்றும் சொல்ல மனம் வருகிறது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இந்த நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட இப்போதைக்கு இயலாது என்று அறிவித்தது. நீங்கள் அதற்கு நாலு மாதம் கழித்துக் கடையை மூடினீர்கள். எட்டுப் பக்கத்திலும் உங்களை நீங்களே திட்டியிருக்கிறீர்கள். உரத் தடையை நீங்கள் கொண்டுவரவில்லையே.

கிரிப்பில் பெயர் விழுந்தால்

கிரிப் என்று எல்லோரும் சொல்லும் இலங்கை கொடுகடன் தகவல் பணியகம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அது கறுப்புப் பட்டியல் வைத்திருக்கவில்லை. “பெயர் விழுவது” என்பதே தவறான எண்ணம். ஒழுங்காகக் கட்டுகிறவரின் பெயரும் அங்கே இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. யார் எங்கே எவ்வளவு எடுத்தார், எப்படிக் கட்டினார், யாருக்குப் பிணை நின்றார், எந்தக் காசோலை திரும்பியது என்ற விவரங்களை வங்கிகளிடமிருந்து பெற்று வங்கிகளுக்கே கொடுப்பது அதன் வேலை. கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கி.

இங்கே நீங்கள் கேட்பது கடன் அல்ல. உங்கள் பணத்தை அவர்களிடம் வைக்க இடம் கேட்கிறீர்கள். சேமிப்புக் கணக்கு ஒன்றில் வங்கிக்கு உங்களால் நட்டம் வர வழியே இல்லை. நடைமுறைக் கணக்கு வேறு மாதிரி. காசோலைப் புத்தகம் கையில் கொடுப்பது ஒருவகை நம்பிக்கை என்பதால் பல வங்கிகள் அதற்கு முன் கிரிப் அறிக்கையைப் பார்க்கும். உங்களுடைய இரண்டு காசோலைகளும் அங்கே தெரியும். அதனால் முதல் நாளே காசோலைப் புத்தகம் கேட்காதீர்கள். கொழும்பு வாடிக்கையாளர் பணத்தை அனுப்பப்போகிறார், நீங்கள் வாங்கப்போகிறீர்கள். உள்ளே வரும் பணத்துக்குக் காசோலைப் புத்தகம் எதற்கு? வியாபாரப் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு உண்டா என்று கேளுங்கள், சில வங்கிகள் தருகின்றன. நடைமுறைக் கணக்குத்தான் என்றால் “காசோலைப் புத்தகம் இப்போது வேண்டாம், மேலதிகப் பற்றும் வேண்டாம்” என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பேச்சின் தொனியே மாறும்.

வங்கிக்குப் போவதற்கு முன் உங்கள் சொந்தக் கிரிப் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அது உங்கள் உரிமை, வங்கிக் கிளை ஊடாகவும் விண்ணப்பிக்கலாம். நீதிமன்றத்தில் கட்டி முடித்தது உள்ளபடி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் எழுத்தில் ஆட்சேபியுங்கள். திருத்தவேண்டியது அந்த விவரத்தைக் கொடுத்த நிறுவனம்தான், பணியகம் தானாக எதையும் அழிக்காது. காசு கொடுத்தால் கிரிப்பில் பெயரை அழித்துத் தருகிறோம் என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், அவர் உங்களிடம் மிச்சமிருப்பதையும் எடுக்க வந்தவர்.

லொறி விடயத்தில் ஒரு பிழையான நம்பிக்கை உங்களிடம் இருக்கிறது. “லொறியைக் கொண்டுபோனார்கள், அந்தக் கணக்கு முடிந்தது” என்று எழுதியிருக்கிறீர்கள். முடிந்திருக்கலாம், முடியாமலும் இருக்கலாம். லொறியை விற்ற விலை நிலுவையைவிடக் குறைவென்றால் மீதியை உங்களிடம் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. எவ்வளவுக்கு விற்றார்கள், மீதி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தெரிந்த மனேஜரிடம் போகாதீர்கள்

இந்த இடத்தில்தான் பலர் விழுகிறார்கள். நீங்கள் கடன் கட்டவேண்டிய வங்கியில் உங்கள் பெயரில் பணம் இருந்தால், அந்தப் பணத்தை உங்கள் கடனுக்குக் கழித்துக்கொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. நீங்கள் கையெழுத்திட்ட கடன் உடன்படிக்கையிலேயே அது இருக்கும். யாரும் வாசிக்காத பக்கத்தில். கிளை வேறாக இருந்தாலும் வங்கி ஒன்றுதான். கொழும்பிலிருந்து முதல் மாதப் பணம் காலையில் வரும், மாலையில் போய்விடும். மிளகாய் வாங்கிய இடத்துக்குக் கொடுக்கக் கையில் ஒன்றும் இருக்காது. மனேஜர் நல்லவராக இருப்பதால் இது மாறாது, கழிப்பது கணினி.

ஆகவே நீங்கள் கடன்படாத, பிணையும் நிற்காத ஒரு வங்கிக்குப் போங்கள். மற்ற வங்கி அந்தக் கணக்கைத் தானாகத் தொடமுடியாது. நீதிமன்றத் தீர்ப்புக் கிடைத்த கடன்காரர், நீதிமன்றத்தின் ஊடாகவே உங்கள் கணக்கை முடக்கி எடுக்கலாம். அப்படி ஒரு தீர்ப்பு உங்களுக்கு எதிராக ஏற்கனவே இருக்கிறதா? உங்களுக்கே தெரியாது. ஏனென்றால் உறைகள் அலுமாரிக்குள்.

கொண்டுபோக வேண்டியவை அதிகமில்லை. தேசிய அடையாள அட்டை, முகவரியை உறுதிப்படுத்தும் மின்சாரப் பட்டியல் போன்ற ஏதாவது ஒன்று, பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். நடைமுறைக் கணக்கென்றால் டின் என்று சொல்லப்படும் வரி அடையாள இலக்கமும் கேட்பார்கள், அதை இணையத்திலேயே எடுக்கலாம். பழைய உரக்கடைப் பெயரைத் திரும்பப் பாவிக்கவேண்டாம். அந்த வியாபாரம் நின்றுவிட்டது என்று பிரதேச செயலகத்துக்கு அறிவித்துவிட்டுப் புதிய பெயரைப் பதியுங்கள். ஆனால் புதுப் பெயர் பழைய கடனைக் கழுவாது. தனி ஒருவரின் வியாபாரத்தில் பெயர்ப்பலகைக்குப் பின்னால் நிற்பது அதே மனிதர்தான்.

என்ன வியாபாரம், மாதம் எவ்வளவு வரும், யாரிடமிருந்து வரும் என்று வங்கி கேட்கும். இது உங்கள் மேலுள்ள சந்தேகம் அல்ல. 2006ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ் எல்லோரிடமும் கேட்கவேண்டிய கேள்விகள். கொழும்பு வாடிக்கையாளரின் கட்டளைக் கடிதம் ஒன்றைக் கையோடு கொண்டுபோனால் பாதிக் கேள்வி குறையும்.

கணக்குத் திறந்தே ஆகவேண்டும் என்று எந்த வங்கியையும் கட்டாயப்படுத்த முடியாது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பிறகு அடுத்த வங்கிக்குப் போங்கள். ஊருக்குள் வீதியின் இரு பக்கமும் வங்கிகள்தான். நியாயமில்லாமல் நடத்தினார்கள் என்று தோன்றினால் முதலில் அந்த வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதி, பதில் திருப்தியில்லையென்றால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

மனைவியின் பெயரில் திறப்பது

இதற்கு ஒரே வார்த்தையில் “கூடாது” என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பிறகு உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தேன். “மனைவி உதவி செய்கிறார்” என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இன்னோரிடத்தில், விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி மிளகாய் வறுப்பது அவர், மல்லியைப் பதம் பார்ப்பது அவர், மாவை அவித்து அரிப்பது அவரும் அவரது தங்கையும், ஒட்டுகிற லேபிளில் என்ன எழுதுவது என்று தீர்மானித்ததும் அவர். உங்கள் வேலை பஸ் நிலையத்துக்குப் பெட்டி கொண்டுபோவதும் காசு வாங்குவதும். தம்பி, யார் யாருக்கு உதவி செய்கிறார்?

கேள்வி வேடிக்கைக்காக அல்ல. சட்டம் பார்ப்பதும் இதைத்தான். வியாபாரம் உண்மையில் மனைவியுடையது என்றால் அவர் பெயரில் பதிந்து, அவர் பெயரில் கணக்குத் திறந்து, அவரே கையெழுத்து வைத்து நடத்தலாம். அதில் ஒரு களவும் இல்லை. உங்கள் கடனுக்கு அவர் பொறுப்பாளி அல்ல, அவர் பிணை நிற்கவுமில்லை. ஆனால் வியாபாரம் உங்களுடையது, பெயர் மட்டும் அவருடையது, ஏரிஎம் அட்டை உங்கள் சட்டைப்பையில் என்றால் கதை வேறு. கணக்கின் உண்மையான பயனாளி யார் என்று வங்கி கேட்கும்போது அவர் பொய்யில் கையெழுத்திடுகிறார். நாளை அவர் கையெழுத்திட்ட காசோலை ஒன்று திரும்பினால் நீதவான் நீதிமன்றப் படி ஏறப்போவது அவர். அந்தப் படியை நீங்கள் ஏறியிருக்கிறீர்கள், எப்படியிருக்கும் என்று தெரியும்.

வீட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாண நண்பர் ஒருவர் தேசவழமையைச் சொல்லி மனைவியின் சொத்திலும் கடன்காரருக்குப் பங்குண்டு என்று பயப்படுத்தியிருக்கிறார். தேசவழமை வட மாகாணத் தமிழருக்கான சட்டம், மட்டக்களப்பாருக்குப் பொருந்தாது. நம்முடைய பழைய முக்குவர் வழமையும் 1876லேயே போய்விட்டது. நமக்குப் பொதுச் சட்டம்தான். 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டப்படி மனைவியின் சொத்து மனைவியின் தனிச் சொத்து. உங்கள் கல்யாணத்தின்போது அவரது பெற்றோர் உறுதி எழுதிக் கொடுத்த சீதன வீட்டை, அவர் ஈடு வைக்காத வரைக்கும், உங்கள் கடனுக்காக யாரும் எடுக்கமுடியாது.

அதனால்தான் இந்த எச்சரிக்கை. அவர் பெயரில் வியாபாரம் நடந்து, நாலு மாதத்தில் யாராவது ஒரு கடன் உத்தியோகத்தர் வந்து “அக்கா, மெஷின் வாங்க ஐந்து இலட்சம் தருகிறோம், வீட்டு உறுதியைக் கொடுங்கள்” என்பார். அன்று இல்லை என்று சொல்ல அவருக்கு உங்கள் பக்கபலம் வேண்டும். இந்த மாவட்டத்தில் நுண்கடன் எடுத்த பெண்கள் பட்ட பாட்டை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்றில்லை.

இத்தனைக்கும் அவருடைய விருப்பம் என்ன? எட்டுப் பக்கத்தில் எங்கேயும் அது இல்லை. கேளுங்கள்.

கம்பனி பதியும் யோசனையைச் சுருக்கமாகத் தள்ளிவிடலாம். நீங்கள் தீர்மானிக்கப்பட்ட வங்குரோத்தானவர் அல்ல என்பதால் 2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம் உங்களைப் பணிப்பாளராக வரவிடாமல் தடுக்காது. ஆனால் செயலாளர், வருடாந்த அறிக்கை, கணக்காய்வு என்று ஆகும் செலவுக்கு இந்த அளவு வியாபாரம் போதாது. பழைய கடனும் உங்கள் தலையிலேயே நிற்கும். கடன்காரர் கைக்கு எட்டாமல் செய்வதற்காக உங்கள் சொத்தைக் கம்பனிக்கோ இன்னொருவருக்கோ மாற்றினால் அந்த மாற்றத்தையே ரத்துச் செய்யக் கேட்டு வழக்குப் போடலாம்.

அலுமாரிக்குள் இருக்கும் உறைகள்

உங்கள் உண்மையான பிரச்சினை இங்கேதான் கிடக்கிறது. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வங்கி வழக்குப் போட்டால், சாதாரண வழக்கைப்போல் பல வருடம் இழுபடாது. ஆவணங்கள் சரியாக இருந்தால் நீதிமன்றம் முதலிலேயே ஒரு தீர்ப்பாணையை உங்களுக்கு அனுப்பும். குறிப்பிட்ட திகதிக்கு வந்து ஏன் இதை உறுதிப்படுத்தக்கூடாது என்று காரணம் காட்டுங்கள் என்று அதில் இருக்கும். வராவிட்டால் அது முடிந்த தீர்ப்பாகிவிடும். நீங்கள் திறக்காமல் வைத்த மூன்று உறையில் ஒன்று அதுவாக இருந்தால், கணக்குத் திறப்பதைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. முதலில் நீதிமன்றத்துக்கு ஓடவேண்டும்.

ஆறு வருடம் போனால் கடன் காலாவதி என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எழுத்து உடன்படிக்கைக் கடனுக்கு ஆறு வருடம் என்பது சரி, ஈட்டுக்கடனுக்குப் பத்து வருடம். ஆனால் இடையில் நீங்கள் ஒரு தொகை கட்டினால், அல்லது கடனை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால், கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். 2024 ஜனவரியில் மனச்சாட்சி உறுத்தி பத்தாயிரம் கட்டியதாகச் சொல்கிறீர்கள். கட்டியது பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஆறு வருடக் கனவு அதோடு போய்விட்டது. வழக்குப் போட்டிருந்தால் அந்தக் கனவுக்கு ஆரம்பத்திலிருந்தே இடமில்லை.

வழக்கு இல்லையென்றால் நல்லது. வங்கிக்கு நீங்களாகவே எழுதுங்கள். மத்திய வங்கியின் 2024ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி வங்கிகள் நெருக்கடியில் விழுந்த வியாபாரங்களுக்கென்று தனிப் பிரிவுகள் வைத்திருக்கவேண்டும். உங்கள் கடனை அந்தப் பிரிவு பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். இப்போது கேட்கப்படும் 34 இலட்சத்தில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தண்ட வட்டி எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். பேரம் பேசுவதற்கு இடமிருப்பது பெரும்பாலும் கடைசி இரண்டிலும்தான். மாதம் எவ்வளவு உங்களால் முடியும் என்பதைக் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள். மூன்று மாதம் கட்டிவிட்டு நிற்கும் பெரிய தொகையைவிட நிற்காமல் போகும் சிறிய தொகை மேல். எதிலும் கையெழுத்திடுவதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

அந்தப் பேச்சுக்குப் போகும்போது உங்கள் வங்கிக் கடனுக்குப் பிணை நின்ற மச்சானையும் கூட்டிக்கொண்டு போங்கள். “அவர் இப்போது வீட்டுக்கு வருவதில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சான் ஆசிரியராக வேலை செய்பவர், வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருப்பார், பிணை நின்ற கடன் நிலுவையில் என்று அவருடைய கிரிப் அறிக்கை சொல்லியிருக்கும். வங்கி விரும்பினால் உங்களை விட்டுவிட்டு அவர் மேலேயே வழக்குப் போடலாம். அவருக்குக் கோபப்படக் காரணமுண்டு. நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை வங்கியிடமிருந்து அல்ல, உங்கள் வாயால் அவர் கேட்கவேண்டும்.

கடைக் கொப்பி

கடைசிப் பக்கத்தில், 22 இலட்சக் கொப்பியை வைத்து விவசாயிகள் மேல் வழக்குப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை: முடியாது. கடையில் கடனுக்கு விற்ற பொருளுக்கும் கொப்பிக் கடனுக்கும் காலவரையறை ஒரே ஒரு வருடம். 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வங்கிக்கு ஆறு வருடம், கடைக்காரனுக்கு ஒரு வருடம். பெரும்போகத்துக்குக் கொடுத்து அடுத்த சிறுபோகம் வரைக்கும் காத்திருப்பது நம் பக்கத்து வழக்கம் என்பது கொழும்பில் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் வழக்குப் போடமுடியாது என்றால் வாங்கமுடியாது என்று அர்த்தமில்லை. காலாவதியான கடனையும் ஒருவர் மனமுவந்து கட்டினால் அது செல்லும், பிறகு திருப்பிக் கேட்கமுடியாது. உங்களுக்கு இப்போது மா அரைக்க நெல் வேண்டும். அவர்களிடம் இப்போது நெல் இருக்கிறது. வெட்டு முடிந்த கையோடு, கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வாருங்கள். காசாகக் கேட்டால் கையை விரிப்பவர் இரண்டு மூடை நெல்லை இறக்கிவிட்டுப் போகச் சங்கடப்படமாட்டார். கொடுப்பவரிடம் கொப்பியிலேயே திகதி போட்டு மீதிக்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். நெல்லை வாங்கும்போது ஈரம் பார்த்து வாங்குவது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தப் பத்திரிகை உங்கள் கையில் கிடைக்கும் அன்றே அந்த மூன்று உறைகளையும் திறவுங்கள். தனியாகத் திறக்க மனம் வராவிட்டால் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற முத்திரை உள்ளது எதுவென்று பாருங்கள், அதில் எந்த நீதிமன்றம், எந்தத் திகதி என்று குறித்துக்கொள்ளுங்கள். கொழும்பு நீதிமன்றமாகவும் இருக்கலாம், களுவாஞ்சிகுடி என்று மட்டும் தேடாதீர்கள். திகதி கடந்திருந்தாலும் தாமதிக்காமல் ஒரு சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள், சில நேரம் வழியுண்டு. சட்டத்தரணிக்குக் கட்டணம் கொடுக்க வசதியில்லையென்றால் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்கு, உறைகளோடும் வருமானத்துக்கான கிராம உத்தியோகத்தர் கடிதத்தோடும் போங்கள். உறையைக் கிழித்து எறியாதீர்கள். தபால் முத்திரையின் திகதியும் சில வேளை தேவைப்படும்.